கையால் முடிச்சிட்ட கம்பளம் 68,000 ரூபாய்: வாங்கலாமா, ஏமாறப் போகிறேனா?

புதுவீட்டுக்காரி (ஞாயிறு, இரவு 9.40)

வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டில் குடியேறி எட்டு மாதம் ஆகிறது. ஹால் முழுக்க வெள்ளை டைல்ஸ். பார்க்க அழகுதான், ஆனால் நாலு பேர் பேசினால் கல்யாண மண்டபம் மாதிரி எதிரொலிக்கிறது. சோபா முன்னால் 6க்கு 9 அடியில் ஒரு நல்ல கம்பளிக் கம்பளம் போட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

இன்று ஒரு கண்காட்சிக்குப் போனோம். ஒரு கடையில் 22,000 ரூபாய்க்கு ஒன்று. "ஹேண்ட்மேட், சுத்தமான கம்பளி" என்றார்கள். நாலு கடை தள்ளி அதே அளவில் 68,000 ரூபாய்க்கு இன்னொன்று. "ஹேண்ட் நாட்டட், பதோஹி சரக்கு, சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு" என்றார் கடைக்காரர். தடவிப் பார்த்தால் இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. சொல்லப்போனால் 22,000 ரூபாய்க் கம்பளம்தான் இன்னும் தடிமனாக, கனமாக இருக்கிறது. மீதி 46,000 எதற்கு? அடுத்த ஞாயிறு வரை கண்காட்சி இருக்குமாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூசி_அலர்ஜி (ஞாயிறு, இரவு 10.05)

சென்னையில் கம்பளிக் கம்பளமா? வியர்வை, தூசி, மழைக்கால ஈரம், போதாக்குறைக்குக் கொசு. 600 ரூபாய்க்கு ஒரு கோரைப்பாய் வாங்கிப் போடுங்கள். மீதிப் பணத்துக்கு ஹாலில் ஏசி மாட்டலாம்.

சாயப்பட்டறை (ஞாயிறு, இரவு 10.48)

டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஆறு வருடம் உத்தரப் பிரதேசத்தின் கம்பள ஊரான பதோஹியில் சாயப் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு கேள்வி. இரண்டையும் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா?

புதுவீட்டுக்காரி (ஞாயிறு, இரவு 11.02)

22,000 ரூபாய்க் கம்பளத்தின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தேன். அடியில் பழுப்பு நிறத் துணி ஒட்டியிருந்தது. லேசாக ஒரு ரப்பர் வாசனை. இன்னொன்றைத் திருப்பவில்லை.

சாயப்பட்டறை (ஞாயிறு, இரவு 11.30)

அப்படியானால் முதலாவது டஃப்டட். ஒரு கெட்டித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் நூலைக் குத்திக்கொண்டே போவார்கள். அந்த நூலை எதுவும் பிடித்துக்கொண்டிருக்காது. அதனால் பின்னால் லேடெக்ஸ் பசையைப் பூசி, அது தெரியாமலிருக்க மேலே இன்னொரு துணியை ஒட்டுவார்கள். நீங்கள் முகர்ந்தது அந்தப் பசையைத்தான். கனமும் பாதி அதனால் வருவதுதான். கருவியைக் கையில் பிடித்துச் செய்வதால் "ஹேண்ட்மேட்" என்பதும் பொய் இல்லை. அந்த வார்த்தைக்குள் நிறைய ஒளிந்துகொள்ளலாம்.

நம் ஊர் வெயிலில் லேடெக்ஸ் சில வருடத்தில் காய்ந்து பொடியாகும். கம்பளத்தைத் தூக்கினால் தரையில் மஞ்சள் மாவு மாதிரி கொட்டிக் கிடக்கும். அதற்கப்புறம் மேலே இருக்கும் நூலும் உதிரத் தொடங்கும். ஐந்தாறு வருடம் போட்டுவிட்டுத் தூக்கிப் போடுவேன் என்றால் டஃப்டட் ஒன்றும் கெட்ட பொருள் இல்லை. நாட்டட் என்று நினைத்து மட்டும் வாங்கிவிடக் கூடாது.

நாட்டட் என்றால் நூல்தான் எல்லாம், பசையே கிடையாது. நிமிர்ந்து நிற்கும் தறியில் பருத்திப் பாவு, அதாவது நெடுக்கே ஓடும் இழைகள், கட்டியிருக்கும். இரண்டு பாவு இழைகளைச் சேர்த்துக் கம்பளி நூலால் ஒரு முடிச்சு, கத்தியால் ஒரு வெட்டு. அடுத்த இரண்டு இழைக்கு அடுத்த முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை என்கிற குறுக்கு இழையை ஓட்டி, பஞ்சா என்கிற இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். பூ வர வேண்டிய இடத்தில் பூவின் நிறம். எந்த முடிச்சுக்கு எந்த நிறம் என்பதைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்திருப்பார்கள். அதன் பெயர் நக்‌ஷா.

பவானி_தறி (திங்கள், காலை 6.15)

எங்கள் அப்பா ஜமக்காளம் நெய்தவர், அதனால் இந்தப் பேச்சைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர் ஜமக்காளத்தில் முடிச்சே கிடையாது, வெறும் பாவும் ஊடையும்தான். குழித்தறியில் உட்கார்ந்து, கலர் ஊடையை அடித்து நெருக்கிப் பாவே தெரியாமல் மூடிவிடுவோம். 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த பிறகும் பவானி என்று பெயர் போட்டு விசைத்தறிச் சரக்கு விற்பது நிற்கவில்லை என்பது வேறு கதை.

ஒருமுறை வாரணாசி போனபோது பதோஹிப் பக்கம் ஒரு தறியைப் பார்த்தேன். மூன்று பேர் ஒரே பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஒரு நாளில் முழம் கணக்கில் இறக்குவார். அங்கே காலையில் போய்விட்டுச் சாயந்தரம் திரும்பி வந்து பார்த்தால் ஏறியிருந்தது இரண்டு விரல்கடைகூட இருக்காது. நெய்கிறார்களா, சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 8.20)

பவானி அண்ணன் பார்த்ததைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் 2023ல் திறந்தபோது மக்களவை, மாநிலங்களவை இரண்டுக்கும் கம்பளம் நெய்தவர்கள் பதோஹி, மிர்சாப்பூர் நெசவாளர்கள்தான். மக்களவையில் மயில் வடிவம், மாநிலங்களவையில் தாமரை. அப்போது செய்தியில் வந்த கணக்கு: சுமார் 900 நெசவாளர்கள், மொத்தம் 35,000 சதுர அடி, சதுர அங்குலத்துக்கு 120 முடிச்சு, ஆக 60 கோடிக்கு மேல் முடிச்சுகள், 10 லட்சம் மனித மணிநேரம். 60 கோடியை 10 லட்சத்தால் வகுத்தால் ஒரு ஆளுக்கு மணிக்கு 600 முடிச்சு.

இப்போது நம் தங்கச்சியின் கம்பளம். 6 பெருக்கல் 9, 54 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம், ஆக 7,776. அங்குலத்துக்கு 100 முடிச்சு என்றால் 7,77,600 முடிச்சு. மணிக்கு 600 போட்டால் 1,296 மணிநேரம். ஒரே ஆள் தினம் எட்டு மணிநேரம் வேலை செய்தால் 162 நாள்.

விலை 68,000. கம்பளி, சாயம், கழுவுகிற செலவு, லாரி, கண்காட்சி வாடகை, கடைக்காரர் லாபம் எதையும் கழிக்காமல் மொத்தப் பணத்தையும் நெசவாளியிடமே கொடுத்தாலும் மணிக்கு 52 ரூபாய்தான் வருகிறது. எல்லாம் கழித்தால் எவ்வளவு மிஞ்சும்?

68,000 அதிகமா என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கு உறுத்துவது, 100 முடிச்சுக்கு 68,000 எப்படி இவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான். ஒன்று முடிச்சு 100 இல்லை. இல்லையென்றால் யாரோ ஒருவருடைய கூலி இல்லை.

தூசி_அலர்ஜி (திங்கள், காலை 9.01)

கையில் கால்குலேட்டர் இருந்தால் எல்லோரும் கம்யூனிஸ்ட்.

சாயப்பட்டறை (திங்கள், பகல் 1.15)

கணக்குப்பிள்ளை சார் போட்டது தோராயக் கணக்குதான். கை பழகியவர்கள் பெரிய முடிச்சுச் சரக்கில் இன்னும் வேகமாகப் போவார்கள், டிசைன் நெருக்கமாக இருந்தால் மெதுவாகும். ஆனால் சந்தேகம் சரியான இடத்தில் வந்திருக்கிறது. கடையில் சொல்கிற முடிச்சு எண்ணிக்கையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. நீங்களே எண்ணலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

கம்பளத்தைத் திருப்பி, அடிப்பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். நூல் சின்னச் சின்ன மணிகளாக வரிசையாகத் தெரியும். குறுக்கே ஒரு அங்குலத்துக்கு எத்தனை, நெடுக்கே ஒரு அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். ஒரே நிறம் தொடர்ச்சியாக இருக்கும் இடத்தில் எண்ணினால் குழப்பம் வரும், நிறம் மாறும் இடமாகப் பாருங்கள். சில நெசவில் ஒரு முடிச்சு குறுக்கே இரண்டு மணிகளாகத் தெரியும், அதை ஒன்றாக எண்ண வேண்டும். நிறம் மாறும் ஓரத்தில் ஒற்றை மணி எங்கேயாவது தனியாக வருகிறதா, எப்போதும் ஜோடியாகவே வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மிஷினில் நெய்ததிலும் அடிப்பக்கம் டிசைன் தெரியும், அதனால் திருப்பிப் பார்ப்பது மட்டும் போதாது. குஞ்சத்தைப் பாருங்கள். கையால் நெய்ததில் குஞ்சம் என்பது பாவு இழையின் நுனி, கம்பளத்துக்கு உள்ளேயிருந்தே வரும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம். அப்புறம் கம்பளத்தை மடித்து, மேல் நூலை விரலால் பிரித்து அடி வரைக்கும் பாருங்கள். நூல் பாவைச் சுற்றிக் கட்டியிருந்தால் முடிச்சு. சும்மா வளைந்து செருகியிருந்தால் மிஷின்.

இன்னொரு தந்திரமும் உண்டு. இரண்டு பாவுக்கு ஒரு முடிச்சு போடாமல் நாலு பாவைச் சேர்த்து ஒன்று போட்டு நகர்ந்துவிடுவது. ஜுஃப்தி என்பார்கள். பாதி வேலை, பாதி நூல், மேலே பார்த்தால் தெரியாது. ஆனால் அந்த இடம் சீக்கிரம் தேயும். பின்பக்கம் திடீரென்று மணிகள் அகலமாக, தளர்வாக இருந்தால் அதுதான்.

கம்பளியா என்று பார்க்க ஒரு இழையை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகிய நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நசுங்கினால் கம்பளி. உருகி உருண்டையானால் பிளாஸ்டிக். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி அல்லது தாவரக் கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ். "பாம்பூ சில்க்", "பனானா சில்க்" என்ற பெயரில் பளபளவென்று பூ வேலை காட்டி விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ்தான். தண்ணீர் பட்டால் அந்த இடம் விறைத்து மஞ்சள் பிடிக்கும். காபி குடிக்கிற ஹாலில் போடவே கூடாது.

ஓய்வுபெற்ற_டீச்சர் (திங்கள், மாலை 5.50)

என் கணவர் டெல்லியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய மிர்சாப்பூர் கம்பளம் எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தது. சென்னைக்கு வந்து பதினாலு வருடம். தூசி_அலர்ஜி தம்பி பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மழை நின்று காற்று அடித்தால் அதுவே திருப்பி விட்டுவிடும்.

போனது வேறு வழியில். ஒரு மூலையில் மணிபிளாண்ட் தொட்டி வைத்திருந்தேன். கீழே தட்டு உண்டு, தண்ணீர் வழிந்ததே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து வெள்ளையடிக்க ஆள் வந்தபோது தொட்டியை நகர்த்தி, கம்பளத்தைச் சுருட்டினோம். அந்த மூலை பட்டென்று ஒடிந்தது. துணி கிழிகிற சத்தம் இல்லை, அப்பளம் ஒடிகிற சத்தம். மேலே கம்பளி நன்றாகவே இருந்தது. அடியில் இருந்த பருத்திப் பாவுதான் மட்கிப் போயிருந்தது. சரிசெய்ய ஆள் தேடினோம். புதுப் பாவு கோத்து அதன் மேல் மறுபடி முடிச்சு போட வேண்டும், அதற்கு ஆகும் செலவில் சின்னதாகப் புதிதே வாங்கலாம் என்றார். அந்த ஓரத்தை வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

இன்னொன்று, பூச்சி. பறக்கிற அந்துப்பூச்சி எதையும் தின்னாது, அதன் புழுதான் தின்னும். நடமாட்டம் உள்ள இடத்தில் வராது. சோபாவுக்கு அடியில், இருட்டில், யாரும் கை வைக்காத இடத்தில்தான் முட்டையிடும். மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தி வேக்குவம் போட்டால் போதும்.

தூசி_அலர்ஜி (திங்கள், இரவு 7.20)

டீச்சர், என் பெயரைப் பார்த்துச் சிரிக்கலாம். என் மகளுக்கு ஆஸ்துமா. வாடகை வீட்டில் சுவருக்குச் சுவர் கார்பெட் ஒட்டியிருந்ததைப் பிய்த்து எறிந்த பிறகுதான் அவள் ஒழுங்காகத் தூங்கினாள். அந்தக் கோபத்தில் எழுதினேன்.

ஓய்வுபெற்ற_டீச்சர் (திங்கள், இரவு 7.45)

அப்படி என்றால் உங்கள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம் தம்பி. கோரைப்பாய்தான் சரி. குழந்தையை விடவா கம்பளம் பெரிது?

பவானி_தறி (செவ்வாய், காலை 6.30)

கூலி பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் முன்பு குழந்தைகளை நிறைய உட்கார வைத்தார்கள். பிஞ்சு விரலுக்குத்தான் சின்ன முடிச்சு வரும் என்று ஒரு நியாயம் வேறு. பொய். நுணுக்கமான முடிச்சுக்குப் பழக்கம் வேண்டும், பழக்கம் பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது. குழந்தைக்குக் கூலி குறைவு என்பதுதான் உண்மைக் காரணம். குழந்தை உழைப்பை எதிர்த்துப் போராடிய கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று 1994ல் ரக்மார்க் என்று ஒரு முத்திரை தொடங்கினார்கள். இப்போது அதன் பெயர் குட்வீவ். குழந்தை உழைப்பு இல்லை என்று தறிகளைச் சோதித்து, எண் போட்ட லேபிள் கொடுப்பார்கள். சத்யார்த்திக்கு 2014ல் நோபல் கிடைத்தது. அந்த லேபிள் இல்லாத கம்பளம் எல்லாம் குழந்தைகள் நெய்தது என்று அர்த்தம் இல்லை. ஆனால் கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் மேலே கேட்பார்.

சாயப்பட்டறை (செவ்வாய், காலை 10.10)

அங்கே கிழவர்கள் ஒரு கதை சொல்வார்கள். அக்பர் காலத்தில் பாரசீக நெசவாளர்கள் வந்த கூட்டத்தைக் கொள்ளைக்காரர்கள் வழிமறித்துக் கொன்றுவிட, தப்பித்தவர்களைக் கோசியா கிராமத்துக்காரர்கள் காப்பாற்றினார்களாம். அதற்கு நன்றியாகத்தான் அவர்கள் முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தார்களாம். வரலாறா, கதையா, யாருக்குத் தெரியும். எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் புதிதாக வந்தவனுக்கு இதைச் சொல்லாமல் விட மாட்டார்கள்.

புதுவீட்டுக்காரி (சனி, இரவு 8.30)

இன்று ஸ்கேலும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். கணவர் பத்தடி தள்ளியே நின்றார்.

கம்பளத்தைத் திருப்பச் சொன்னதும் கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் திருப்பினார். பசை இல்லை, துணி இல்லை, குஞ்சம் உள்ளேயிருந்துதான் வருகிறது. எரித்த இழையில் முடி கருகிய நாற்றம். எண்ணினேன். குறுக்கே 7, நெடுக்கே 8. மூன்று இடத்தில் எண்ணியும் அதேதான். 56.

"அண்ணா, 100 என்றீர்களே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "எல்லோரும் நூறு என்றுதான் சொல்கிறார்கள் மேடம், நாங்கள் ஐம்பத்தாறு என்றால் யார் நிற்பார்கள்?" என்றார். கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

லேபிள் பற்றியும் கேட்டேன். குட்வீவ் இல்லை. நெய்த இடத்தின் பெயரும் ஏற்றுமதிச் சரக்கு மிச்சம் என்ற விவரமும் மட்டும் பில்லில் எழுதித் தருகிறேன் என்றார். 56 முடிச்சு சரக்கு மட்டமா? நாளை கடைசி நாள்.

கணக்குப்பிள்ளை (சனி, இரவு 8.52)

7,776 பெருக்கல் 56, 4,35,456 முடிச்சு. மணிக்கு 600 என்றால் 726 மணிநேரம். மொத்த விலையில் மணிக்கு 94 ரூபாய். இப்போதுதான் விலை கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது.

சாயப்பட்டறை (சனி, இரவு 9.20)

மட்டம் இல்லவே இல்லை. முடிச்சு அதிகம் என்றால் நுணுக்கமான பூ, கொடி வரையலாம், அவ்வளவுதான். காஷ்மீரில் குறுக்கே 18, நெடுக்கே 18, 324 முடிச்சு என்று பட்டில் போடுவார்கள். அது வேறு உலகம், வேறு விலை. உங்கள் டிசைன் பெரிய கட்டமும் பட்டையும் என்றால் 56 தாராளம். உழைப்பதற்கு எண்ணிக்கையை விடக் கம்பளி முக்கியம். உயிருள்ள ஆட்டில் கத்தரித்த கம்பளியில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும், அழுக்கு சட்டென்று உள்ளே இறங்காது. செத்த ஆட்டின் தோலிலிருந்து சுண்ணாம்பு போட்டுப் பிரித்த கம்பளி வறவறவென்று இருக்கும், ஒடிந்து உதிரும். நகத்தால் வேகமாகச் சுரண்டிப் பாருங்கள். புதுக் கம்பளத்தில் கொஞ்சம் பஞ்சு வரும். ஒடிந்த துண்டுகளாகக் கொத்தாக வந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சிவப்பு இடத்தில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஏறினால் வேண்டாம். ஒரே நிறத்தில் பட்டை பட்டையாக லேசான வித்தியாசம் தெரிந்தால் அது குறை இல்லை. சாயத்தொட்டி மாறிய இடம் அது.

100 என்று சொன்னதற்காக விலையைக் குறையுங்கள். 56 என்பதற்காகக் குறைக்காதீர்கள்.

புதுவீட்டுக்காரி (மறுநாள் ஞாயிறு, மாலை 6.10)

61,000. பில்லில் "56 முடிச்சு, கம்பளி, பருத்திப் பாவு" என்று அவர் கையாலேயே எழுத வைத்தேன். லிஃப்டில் நுழையவில்லை, மூன்று மாடியும் நானும் வாட்ச்மேன் அண்ணனும் தூக்கினோம்.

புதுவீட்டுக்காரி (மூன்று மாதம் கழித்து)

கேட்டவர்களுக்காக. எதிரொலி போய்விட்டது. முதல் இரண்டு மாதம் வேக்குவத்தில் பூனை வளர்க்கிற வீடு மாதிரி பஞ்சு வந்தது, இப்போது குறைந்துவிட்டது. ஒருமுறை சாம்பார் கொட்டியது. தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி, பச்சைத் தண்ணீர் தொட்டு மறுபடி ஒற்றினேன். மஞ்சள் கறை லேசாக இருக்கிறது, சோபா காலால் மறைத்துவிட்டேன். சாயப்பட்டறை அண்ணா சலவைத்தூள் போடாதே, காரம் கம்பளிக்கு ஆகாது என்று தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார், நன்றி.

மாமியார் முதல் மாதம் முழுக்க அதன் மேல் கால் வைக்காமல் சுற்றிச் சுற்றிப் போனார். இப்போது மத்தியானம் அதில்தான் படுக்கிறார். ஹால் வெறிச்சென்று இருக்கிறது என்று போன வாரம் ஒரு மூலையில் மணிபிளாண்ட் தொட்டி கொண்டுவந்து வைத்திருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_டீச்சர் (அரை மணி கழித்து)

தொட்டி கம்பளத்தின் மேலா, டைல்ஸ் மேலா?

புதுவீட்டுக்காரி

மேல்தான். இருங்கள், வருகிறேன்.

புதுவீட்டுக்காரி

பால்கனிக்குப் போய்விட்டது. அடியில் தொட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை. மாமியார் கோபமாக இருக்கிறார். டீச்சர் சொன்னார் என்று சொல்லியிருக்கிறேன்.